உடைஞ்ச பிளேடும் ஏழு மூட்டை பருப்பும்

தலைப்பைப் பார்த்துட்டு "பிளேடு போட வந்துட்டான்யா"ன்னு ஓடிடாதீங்க :-) இது நிஜமான பிளேடு. ரிமோட்ல பறக்கிற ஹெலிகாப்டர் தலையில சுத்துதே, அந்த இறக்கை. நம்ம சிவகாசிக்காரங்க தீபாவளிக்குப் பண்ற ஹெலிகாப்டர் வெடியைச் சொல்லலை. அது ஒரு தடவை சுத்திக்கிட்டு மேலே போகும், கருகி விழும், கதை முடிஞ்சது. அதைப் பொறுக்கிட்டு வந்து இன்னொரு தடவை பறக்க விடலாமான்னு யாரும் கேட்க மாட்டாங்க. ஆனா ஆயிரக்கணக்குல காசு கொடுத்து வாங்கின ரிமோட் ஹெலிகாப்டர் ஒரு தடவை தரையில மோதினதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "சின்னக் கீறல்தான அண்ணாச்சி, ஃபெவிக்விக் போட்டு ஒட்டினா நிக்காதா?"

சூலக்கரைப் பக்கம் இந்தக் கேள்வி வர்றதுல ஆச்சரியம் இல்லை. விருதுநகர்ல இருந்து சாத்தூர் போற ரோட்டுல, ஊர் தாண்டினா திறந்த கரிசல் காடு. பறக்க விட இடம் தாராளம். ஆனா கோடையில அந்தக் கரிசல் மண் வெடிச்சு, கட்டி கட்டியா கல்லு மாதிரி கிடக்கும். மிச்ச இடத்துல சீமைக் கருவேல முள். பிளேடு நுனி எதுல பட்டாலும் சேதாரம்தான். அதுக்கு மேல நம்ம ஊர்க் குணம் வேற. சாக்கு கிழிஞ்சா தச்சுப்போம், எண்ணெய் டின் காலியானா வாளியாக்குவோம், மோட்டார் கருகினா காயில் கட்டுவோம். தூக்கிப் போடறது நமக்குப் பழக்கமே இல்லை. அந்தக் குணத்தால முன்னுக்கு வந்த ஊர் இது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா சுத்துற பிளேடுக்கு மட்டும் அந்தக் கணக்கு ஒத்து வராது. ஏன்னு புரிஞ்சுக்க ஏறக்குறைய 180 வருஷ வரலாறு இருக்கு. அந்த வரலாறு ரொம்பப் பேரோட உயிரை வாங்கிட்டுத்தான் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கு. அதைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீங்க, பத்தாங்கிளாஸ் கணக்குதான்.

700 சைஸ்னு சொல்ற பெரிய ரிமோட் ஹெலிகாப்டரை எடுத்துக்குவோம். ஒரு பிளேடு சுமார் 70 சென்டிமீட்டர் நீளம், எடை ஏறக்குறைய 190 கிராம். ஒரு டம்ளர் தண்ணி எடைதான். அது நிமிஷத்துக்கு 2000 சுத்து சுத்துதுன்னு வைங்க. நுனியோட வேகம் மணிக்கு 590 கிலோமீட்டரைத் தொடும். அந்த வேகத்துல பிளேடு வெளியே பிச்சுக்கிட்டு ஓடப் பார்க்கும். ஸ்கூல்ல மையவிலக்கு விசைன்னு படிச்சோமே, அது. கணக்குப் போட்டுப் பார்த்தா கிட்டத்தட்ட 350 கிலோ வருது. ஐம்பது கிலோ மூட்டையில ஏழு மூட்டை துவரம்பருப்பு! அந்த ஏழு மூட்டையையும் ஒரு போல்ட்டும், அந்த போல்ட் போகிற ஓட்டையைச் சுத்தி இருக்கிற கொஞ்சூண்டு கார்பன் நாரும் தாங்கிக்கிட்டு நிக்குது. சின்ன 450 சைஸ்னாலும் ஒரு மூட்டைக்குக் குறையாது.

இப்ப அந்த ஃபெவிக்விக்கை நினைச்சுப் பாருங்க.

இன்னொண்ணும் இருக்கு. இழுக்கிற விசை மட்டும்னா பரவாயில்லை. ஹெலிகாப்டர் முன்னால நகரும்போது ஒரு பக்க பிளேடு காத்தை எதிர்த்துப் போகும், மறுபக்க பிளேடு காத்தோட போகும். அதனால ஒவ்வொரு சுத்துலயும் பிளேடு ஒரு தடவை வளைஞ்சு நிமிரும். ஆறு நிமிஷம் பறந்தா 12,000 தடவை. நூறு தடவை பறக்க விட்டா 12 லட்சம் தடவை. கட்டுக்கம்பியை அறுக்கக் கத்திரி இல்லாதப்ப என்ன பண்றோம்? முன்னும் பின்னும் வளைச்சு வளைச்சு ஒடிக்கிறோம்ல, அதே வேலைதான் இங்கே மெதுவா நடக்குது.

இது இரும்புக்கும் நடக்கும்னு உலகம் தெரிஞ்சுக்கிட்டது ஒரு ரயில் விபத்துல. 1842 மே 8-ந் தேதி, பிரான்ஸ்ல வெர்சாய்ல இருந்து பாரிசுக்குத் திரும்பிக்கிட்டிருந்த ரயில்ல, முன்னால இருந்த எஞ்சினோட அச்சு ஒடிஞ்சது. பெட்டிகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறித் தீப்பிடிச்சது. பெட்டிக் கதவுகளை வெளியே பூட்டி வைக்கிற வழக்கம் அப்போ. ஐம்பது பேருக்கு மேல செத்தாங்க. அந்த அச்சு தாங்க முடியாத பாரம் எதையும் சுமக்கலை. தினமும் சுமந்த அதே பாரம்தான். அப்புறம் ஏன் ஒடிஞ்சது?

இந்தக் கேள்வியை விடாம துரத்தினவர் ஆகஸ்ட் வோலர்ங்கிற ஜெர்மன் ரயில்வே எஞ்சினியர். 1850-கள்ல ஆரம்பிச்சு 1870 வரைக்கும், அச்சுகளை மெஷின்ல மாட்டிச் சுத்த விட்டு, எத்தனை சுத்துல ஒடியுதுன்னு எண்ணிக்கிட்டே இருந்தார். அவர் கண்டுபிடிச்சதைச் சுருக்கமா சொன்னா: ஒரு தடவை கொடுத்தா ஒண்ணும் ஆகாத விசையையே லட்சக்கணக்கான தடவை கொடுத்தா பொருள் ஒடிஞ்சிடும். வெளியே ஒரு அறிகுறியும் காட்டாமலே ஒடியலாம். இதை உலோகச் சோர்வுன்னு சொல்றோம். எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு, விசை அதுக்குக் கீழே இருந்தா நடைமுறையில எத்தனை தடவை வேணாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு கிடையாது. எவ்வளவு சின்ன விசைன்னாலும் கணக்கு ஏறிக்கிட்டே இருக்கும். ரெண்டையும் ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

ரயில்ல இருந்து இறக்கைக்கு வருவோம். 1923 ஜனவரியில ஸ்பெயின்காரர் ஹுவான் தெ லா சியர்வா 'ஆட்டோஜைரோ'ங்கிற வாகனத்தைப் பறக்க வச்சார். பார்க்க ஹெலிகாப்டர் மாதிரியே இருக்கும், ஆனா மேலே இருக்கிற இறக்கையை எஞ்சின் சுத்தாது, காத்துதான் சுத்தும். அவர் முதல்ல பண்ணின வண்டிகள் சாய்ஞ்சு விழுந்துக்கிட்டே இருந்தது. சின்ன மாடல் மட்டும் ஒழுங்கா பறந்தது. ஏன்னு பார்த்தா, மாடலோட இறக்கையில இருந்தது வளையுற பிரம்பு! அதைப் பார்த்துத்தான் பெரிய வண்டியில ஒவ்வொரு இறக்கையோட அடியிலயும் மேலும் கீழும் ஆடற மாதிரி கீல் வச்சார். பொம்மை, பெரிய வண்டிக்குப் பாடம் சொன்ன கதை இது.

மேலும் கீழும் ஆட வழி பண்ணியாச்சு. ஆனா இறக்கை முன்னும் பின்னுமா ஆடவும் பார்க்கும், அதுக்கு வழி விடலை. 1927 பிப்ரவரியில இங்கிலாந்து ஹாம்பிள்ல ஃபிராங்க் கோர்ட்னிங்கிற பைலட் ஓட்டிக்கிட்டிருந்தப்போ ஒரு இறக்கை அடியோட பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. கோர்ட்னி அடிபட்டு, உயிர் பிழைச்சார். ஒடிஞ்சது நுனியில இல்லை, நடுவுல இல்லை, அடியில. இறக்கைக்கு ஆட வழி இல்லாததால அத்தனை ஆட்டமும் அடிப்பாகத்துல இறங்கி, சோர்வுல விரிசல் விட்டு, ஒரு நாள் விட்டுக்கொடுத்திடுச்சு. அதுக்கப்புறம்தான் முன்னும் பின்னும் ஆட ரெண்டாவது கீல் வந்தது. இன்னிக்கு நம்ம ரிமோட் ஹெலிகாப்டர்ல பிளேடை ஒரே போல்ட்டுல மாட்டி, லேசா தள்ளினா மடங்குற மாதிரி விடறோமே, அதுக்குப் பின்னாடி கோர்ட்னியோட விபத்தும் இருக்கு. அந்த போல்ட்டைக் கண்ணை மூடிக்கிட்டு இறுக்காதீங்கன்னு சொல்றதும் அதனாலதான்.

(சியர்வா 1936 டிசம்பர்ல லண்டன் குராய்டன்ல செத்துப் போனார். தன்னோட ஆட்டோஜைரோவுல இல்லை, சாதாரணப் பயணிகள் விமானம் கிளம்பும்போது விழுந்ததுல. விதி!)

அடுத்தவர் ஆர்தர் யங். நம்ம ஜாதி, அதாவது மாடல் பைத்தியம் :-) 1928-ல ஆரம்பிச்சுப் பன்னிரண்டு பதிமூணு வருஷம் சின்னச் சின்ன ஹெலிகாப்டர் மாடல்களையே பண்ணி, மோதி, உடைச்சு, மறுபடி பண்ணிக்கிட்டு இருந்தார். பெரும்பாலும் பென்சில்வேனியாவுல ஒரு பழைய மாட்டுக் கொட்டகையிலதான் வேலை. 1941-ல அந்த மாடலை எடுத்துட்டுப் போய் பெல் கம்பெனிக்குக் காட்டினார். அதுல இருந்து வந்ததுதான் பெல் 47. 1946 மார்ச் 8-ல அமெரிக்காவுல பொதுமக்கள் உபயோகத்துக்கு முதல் சான்றிதழ் வாங்கின ஹெலிகாப்டர். பழைய இங்கிலீஷ் படங்கள்ல முன்பக்கம் கண்ணாடிக் குமிழ் மாதிரி இருக்குமே, அதேதான்.

பெல் 47-க்கு ஆரம்பத்துல மரத்துல செஞ்ச பிளேடு. மரத்துண்டுகளை ஒட்டி, முன்விளிம்புல எஃகுக் கம்பி வச்சு, மேலே உறை போட்டது. மரத்துக்குச் சோர்வைத் தாங்குற குணம் அதிகம். ஆனா வேற வியாதி உண்டு. ஈரம் குடிக்கும். ஒரு பிளேடு கொஞ்சம் ஈரம் குடிச்சு இன்னொண்ணு குடிக்கலைன்னா எடை மாறிடும், மொத்த வண்டியும் உதறும். ஒட்டு உள்ளே விட்டுப் போனா மேல இருக்கிற உறை அதை மறைச்சிடும். அதனாலதான் மர பிளேடை ஜோடி ஜோடியா எடை பொருத்தி விற்கிற வழக்கம் வந்தது. ஒண்ணு கெட்டா ரெண்டையும் மாத்துங்கிற பழக்கத்துக்கு வேர் இங்கே இருக்கு.

மரம் போய் அலுமினியம் வந்தது. ஈரத் தொல்லை தீர்ந்தது, வோலரோட பேய் திரும்ப வந்தது. அலுமினியத்துக்குத்தான் வரம்பு கிடையாதே! அதனால கம்பெனிக்காரங்க ரெண்டு வழி பிடிச்சாங்க. ஒண்ணு, பிளேடுக்கு ஆயுசு குறிச்சாங்க. இத்தனை மணி நேரம் பறந்தாச்சா? பார்க்கப் புதுசு மாதிரி பளபளன்னு இருந்தாலும் கழட்டிப் போடு. நம்ம ஊர் மனசுக்கு ஜீரணிக்கவே முடியாத விதி இது. ஆனா விமானத்துறையில இதை யாரும் கேள்வி கேட்கிறதில்லை.

ரெண்டாவது வழி அழகானது. பிளேடுக்குள்ள முதுகெலும்பு மாதிரி போற குழாய்க்குள்ள அழுத்தத்துல நைட்ரஜனையோ காத்தையோ அடைச்சு மூடிடுவாங்க. அடியில ஒரு சின்ன அளவுமானி. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் விட்டாலும் காத்து இறங்கும், மானியில நிறம் மாறும். சிகோர்ஸ்கி ஹெலிகாப்டர்கள்ல இது 1960-கள்ல இருந்து உண்டு. ரஷ்யாவோட மி-8-லயும் இதே ஏற்பாடு, காத்து இறங்கினா சிவப்பு தெரியும். நம்ம விமானப்படை மி-8-ஐ 1970-களோட ஆரம்பத்துல வாங்கி, 2017 டிசம்பர்ல பெங்களூர் எலகங்காவுல விழா எடுத்து ஓய்வு கொடுத்தது. நாப்பத்தஞ்சு வருஷம்! இத்தனைக்கும் மி-8 இறக்கை நிமிஷத்துக்குச் சுமார் 192 சுத்துதான். ஒரு மணி நேரத்துக்குப் பதினோராயிரத்துச் சொச்சம். மேலே போட்ட கணக்கைப் பாருங்க, நம்ம மாடல் ஆறே நிமிஷத்துல அதைத் தாண்டிடுது. பொம்மைதானேன்னு இளக்காரமா நினைக்கிறவங்க இந்த எண்ணை ரெண்டு தடவை படிக்கணும்.

பிளேடை மட்டும் பார்த்தா போதுமா? போதாதுன்னு 1968 ஆகஸ்ட் 14 சொல்லுச்சு. அமெரிக்காவுல டிஸ்னிலேண்டுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்துக்கும் நடுவுல பயணிகளை ஏத்திப் போய்க்கிட்டிருந்த ஒரு சிகோர்ஸ்கி எஸ்-61, காம்ப்டன்ங்கிற இடத்துல வானத்துலயே ஒரு பிளேடை இழந்துச்சு. இருந்த 21 பேரும் செத்தாங்க. பிளேடு ஒழுங்காத்தான் இருந்தது. ஒடிஞ்சது அதைத் தலையோட பிடிச்சிருந்த ஸ்பிண்டில்ங்கிற எஃகுத் தண்டு. அதுல ஒரு இடத்துல எஃகு போதிய கெட்டியா இல்லாம, அங்கே ஆரம்பிச்ச சோர்வு விரிசல். நல்ல எஃகுக்குத்தான் வரம்பு, குறையுள்ள எஃகுக்கு இல்லை. நம்ம மாடல்லயும் அதே பேர்ல, அதே வேலைக்கு ஒரு ஸ்பிண்டில் இருக்கு. மோதினப்புறம் பிளேடை மட்டும் மாத்திட்டு ஸ்பிண்டிலை அப்படியே விடறவங்கதான் ஜாஸ்தி.

அப்புறம் நார் யுகம். 1967 பிப்ரவரியில பறந்த ஜெர்மன் பி.ஓ.-105-க்குக் கண்ணாடி நார்ல செஞ்ச பிளேடு. அலுமினியம் மாதிரி 'படக்'னு ஒடியாம, நார் நாரா விட்டுக்கொடுத்து, முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கும். அதே கம்பெனி ஆலோசனையோட நம்ம எச்.ஏ.எல். வடிவமைச்சதுதான் துருவ், முதல் பறப்பு 1992 ஆகஸ்ட் 20. அதுக்கும் நார்க் கலவை பிளேடுதான். சோர்வுத் தொல்லை ஒழிஞ்சதுன்னு நினைச்சா, 2005 நவம்பர்ல ஒரு துருவ் வால் இறக்கை கெட்டுப் போய் அவசரமா இறங்க வேண்டியதாச்சு. உடனே மத்த எல்லா துருவையும் தரையில நிறுத்திட்டாங்க. ஒண்ணுல கண்டா எல்லாத்துலயும் இருக்கலாம்கிற சந்தேகம். அந்தச் சந்தேகம்தான் இந்தத் துறையோட மூச்சு.

மாடல் உலகமும் இதே பாதையிலதான் வந்திருக்கு. 1970 வாக்குல ஜெர்மனியோட டீட்டர் ஷ்லூட்டர் ரிமோட் ஹெலிகாப்டரைச் சொன்னபடி கேட்க வச்சார். அப்போ மர பிளேடு. முன்பக்கம் கெட்டி மரம், பின்பக்கம் பால்சா, நுனியில ஈயம், மேலே பிளாஸ்டிக் உறை. தரையில பட்டா தீக்குச்சி மாதிரி ஒடியும். ஒடிஞ்சா தெரியும், சந்தேகமே வராது. இப்போ கார்பன் நார். அது பலமானது, அதனாலதான் ஆபத்தும். பாதி உடைஞ்சும் முழுசா இருக்கிற மாதிரி நடிக்கும். உள்ளே நார் அடுக்குகள் விட்டுப் போயிருக்கும், மேலே வார்னிஷ் மின்னும்.

சரி, இத்தனை கதையையும் வச்சு, மோதின பிளேடை எப்படித் தீர்மானிக்கிறது? நான் சொல்ற வரிசை இது.

1. போல்ட் ஓட்டையைச் சுத்தி முதல்ல பாருங்க. மயிரிழை விரிசல், ஓட்டை நீண்டிருக்கிறது, அடிப்பாகம் வெளுத்திருக்கிறது, எது இருந்தாலும் குப்பை. பேச்சே இல்லை. கோர்ட்னிக்கு ஒடிஞ்ச இடம் அது.

2. முன்விளிம்புல பள்ளமோ விரிசலோ இருந்தா குப்பை. நுனி பிளந்திருந்தாலும் அப்படித்தான். உள்ளே இருக்கிற எடைக்கட்டி நகர்ந்திருந்தா அது தோட்டா மாதிரி வெளியே பாயும். ஆட்டிப் பாருங்க, கடகடன்னா முடிஞ்சது.

3. ஒரு ரூபாய்க் காசை எடுத்து அடியில இருந்து நுனி வரைக்கும் லேசாத் தட்டிக்கிட்டே போங்க. தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதே வித்தைதான். நல்ல இடம் 'டிக் டிக்'னு கணீர்னு கேட்கும். உள்ளே விட்டுப் போன இடம் 'தொப்'னு சொல்லும். நிஜ விமானத்துலயும் நார்ப் பாகங்களை இப்படித் தட்டிப் பார்க்கிறது உண்டு. ஆனா ஒண்ணு, இந்தச் சோதனையில தோத்தா பிளேடு கெட்டதுன்னு அர்த்தம். ஜெயிச்சா நல்லதுன்னு அர்த்தம் இல்லை.

4. லேசா முறுக்கியும் வளைச்சும் பாருங்க. நெறநெறன்னு சத்தம் வந்தாலோ, ஜோடியில ஒண்ணு இன்னொண்ணை விட இளக்கமா இருந்தாலோ குப்பை.

5. வெறும் பெயின்ட் உரசல், ஸ்டிக்கர் கிழிசல்னா வச்சுக்கலாம். அதுவும் மோதாத பிளேடா இருந்தால். எடையைச் சமன் பண்ணிட்டு மாட்டுங்க.

6. ஒட்டவே கூடாது. பசை இழுவிசையைத் தாங்காதுங்கிறது பாதிக் காரணம். மீதிக் காரணம், அது விரிசலை மூடி மறைச்சு அடுத்தவனை ஏமாத்தும்.

7. மாத்தினா ஜோடியா மாத்துங்க, ஸ்பிண்டிலையும் சேர்த்து. கண்ணாடி மேசை மேல உருட்டிப் பார்த்து நேரா இருக்கேன்னு திருப்திப்படாதீங்க. வளைஞ்சது தெரியும், சோர்ந்தது தெரியாது.

இதெல்லாம் ஓவர்னு தோணலாம். 2013 செப்டம்பர்ல நியூயார்க் புரூக்ளின்ல ஒரு பூங்காவுல 19 வயசுப் பையன் ஒருத்தன் தன்னோட ரிமோட் ஹெலிகாப்டர் அடிச்சே செத்துப் போனான். கத்துக்குட்டி இல்லை, கைதேர்ந்தவன். அது பிளேடு பிச்சுக்கிட்டு வந்து நடந்தது இல்லை, ஹெலிகாப்டரே அவன் மேல வந்து மோதினது. ஆனா அந்தச் சுத்துற பொருளுக்கு எவ்வளவு சக்தி இருக்குன்னு அதுக்கப்புறம் யாருக்கும் தனியா விளக்க வேண்டியதில்லை. பிச்சுக்கிட்டு வர்ற பிளேடு, ஓட்டறவனைத் தேடி மட்டும் வராது. வேடிக்கை பார்க்க வந்த குழந்தைங்க எப்பவும் முன்வரிசையிலதான் நிக்கும்.

நம்ம பக்கத்துல இதைப் புரிய வைக்கிறது உண்மையில சுலபம். பட்டாசு ஆலையில வேலை பார்த்த எந்த அக்காவையும் கேளுங்க. அன்னிக்குக் கலந்த மருந்தை அன்னிக்கே தீர்க்கணும், மிச்சம் வச்சு மறுநாள் எடுக்கக் கூடாதுன்னு சொல்வாங்க. "ஒரு கிண்ணம் மருந்துதானே, வீணாப் போகுதே"ன்னு நினைக்கிற மனசுதான் அங்கே எதிரி. நேத்து மாதிரியேதான் இருக்கும் பார்க்க. ராத்திரியில ஈரம் பட்டு உள்ளே என்ன ஆச்சுன்னு கண்ணுக்குத் தெரியாது. வெடிக்காத பட்டாசைக் கையில எடுத்துப் பார்க்காதேன்னு குழந்தைகளுக்குச் சொல்றதும் இதேதான். சிக்கனம் நல்ல குணம்தான். ஆனா உள்ளே பார்க்க முடியாத பொருள்கிட்ட அதைக் காட்டக் கூடாதுன்னு இந்தக் கந்தக பூமி ரொம்ப விலை கொடுத்துத் தெரிஞ்சு வச்சிருக்கு.

கடைசியா ஒண்ணு. ஆயுசு முடிஞ்ச விமானப் பாகங்களை அப்படியே குப்பையில போட்டுட முடியாது. அறுத்தோ நசுக்கியோ, இனி யாரும் மாட்ட முடியாதபடி பண்ணிடணும்னு விமானத்துறையில சொல்லி வச்சிருக்காங்க. ஏன்னா ஒருத்தன் வேண்டாம்னு போட்டதை இன்னொருத்தன் நல்லா இருக்கேன்னு எடுத்துக்குவான். அதனால கெட்ட பிளேடைப் பரண்ல போட்டு வைக்காதீங்க, "சும்மா கத்துக்க வச்சுக்கடா"ன்னு பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் கொடுக்காதீங்க. ஹேக்ஸா பிளேடு எடுத்து ரெண்டா அறுத்திடுங்க. பிளேடை அறுக்கவும் பிளேடுதான் வேணும் :-)